இனிப்பும் மரமுமான சென்ட்: நம்ம வெயிலுக்கு ஆகுமா, ஆகாதா?

தென்காசிச்சாரல் கேட்டது, மே 3

அக்கா வீட்டு அத்தான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தார். அட்டையில் வெனிலா, டோங்கா, சந்தனம், அம்பர், பட்டை என்றெல்லாம் போட்டிருக்கிறது. ராத்திரி ஏசி அறையில் கையில் அடித்துப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்கு அதை அடித்துக்கொண்டு போனேன். புது பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் எனக்கே தலைவலி. கருப்பட்டிப் பாகு காய்ச்சுகிற இடத்தில் நிற்கிற மாதிரி ஒரே இனிப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் வாசனையே இல்லை. இது டூப்ளிகேட்டா? இல்லை, இந்த வகை சென்ட்டே நம்ம பக்கத்து வெயிலுக்கு லாயக்கில்லையா?

மே 3, இரவு

டூப்ளிகேட் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். எங்கே அடித்தீர்கள், எத்தனை அழுத்து, எத்தனை மணிக்கு? புடவையிலும் அடித்தீர்களா? அதைச் சொல்லாமல் பாட்டிலைக் குறை சொல்ல முடியாது.

நான் சென்ட் வியாபாரி இல்லை. பாளையங்கோட்டையில் தையல் கடை. அளவு ஜாக்கெட் என்று ஆட்கள் கொண்டுவந்து போடுகிற துணியை நாள் முழுக்க மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் ஊரில் யார் என்ன பூசுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. முகத்தை மறந்தாலும் சிலரை வாசனையில் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மே 4, காலை

கழுத்தில் இரண்டு, கையில் இரண்டு, "புடவையில் சும்மா நாலைந்து". சும்மாவா! மே மாதம், காலை ஒன்பது மணிக்குமேல், ஜன்னலோர சீட்டில். பெரியம்மா மூக்கை மூடியதோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள்.

விஷயம் இதுதான். சென்ட்டில் வேகமாகப் பறக்கிற சரக்கும் மெதுவாகப் பறக்கிற சரக்கும் ஒன்றாக ஆல்கஹாலில் கரைந்து கிடக்கின்றன. எலுமிச்சை வகையறாவில் இருக்கிற லிமோனின் 176 டிகிரியில் கொதிக்கும். வெனிலாவின் வெனிலினுக்கு 285 டிகிரி. டோங்கா விதையில் இருக்கிற கூமரினுக்கு 300க்குக் கொஞ்சம் மேலே. நம் கையில் எதுவும் கொதிக்கப் போவதில்லை, ஆனாலும் யார் முதலில் கிளம்புவது, யார் கடைசியில் என்ற வரிசை அந்த எண்களிலேயே தெரிகிறது. முதலில் எலுமிச்சையும் அதன் இனத்துப் பழமான பெர்கமோட்டும், அது அரைமணிக்குள் போய்விடும். அடுத்து பூவும் பட்டையும். கடைசியில் வெனிலா, சாம்பிராணி, சந்தனம், கஸ்தூரி.

தோலின் மேல்பரப்பு சாதாரணமாக 32லிருந்து 34 டிகிரி இருக்கும். ஏசி அறையில் இன்னும் கொஞ்சம் குறையும், அங்கே ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருக்கும். வெயில் ஏறிய கழுத்தில் அது நடக்காது. மேலே உள்ளது பஸ் ஏறுவதற்கு முன்பே பறந்துவிடும், நடுவில் உள்ள பூ வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, அடியிலிருந்து பைய எழும்ப வேண்டிய இனிப்பு முன்னாலேயே மொத்தமாக எழும்பிவிடும். அந்த இனிப்பைத்தான் நீங்கள் பாகு என்கிறீர்கள்.

மே 4, மதியம்

சாயங்காலம் வாசனையே இல்லை என்றீர்களே, அதை நம்ப மாட்டேன். உங்கள் மூக்கு அலுத்துப் போயிருக்கும். ஒரே வாசனையிலேயே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காது. அந்தப் பெரியம்மாவைக் கேட்டிருந்தால் இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். அதிகமாக அடிப்பவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான்: தனக்குத் தெரியவில்லை என்று மறுபடி அடிப்பார்கள், சுற்றியிருப்பவர்கள் ஓடுவார்கள்.

அந்தப் புடவையைத் துவைத்துவிட்டீர்களா? துவைக்கவில்லை என்றால் இப்போது எடுத்து முகர்ந்து பாருங்கள்.

மே 5

புடவையில் இன்னும் இருக்கிறதாம், "ஆனால் இப்போது நல்லா இருக்கு அக்கா, சந்தனம் மாதிரி மெதுவா". அதானே. பாட்டில் ஒழுங்கான பாட்டில்தான். பழி வெயில் மேல் பாதி, தங்கச்சியின் விரல் மேல் பாதி.

மே 7, இரவு

அம்பை அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பேசுறீங்களே, உங்க கையில அது எப்படி இருக்குன்னு சொல்லுங்க, புஸ்தகம் வேண்டாம்." நியாயம்.

என்னிடம் இருப்பது கெர்லான் கம்பெனியின் சம்சாரா. 1989ல் வந்தது. சின்னம்மா மகள் சார்ஜாவிலிருந்து ஊரோடு திரும்பி வந்தபோது பாதிப் பாட்டிலை என் தலையில் கட்டினாள், அவளுக்கு வயசான வாசனையாகத் தெரிந்ததாம். சந்தனமும் மல்லிகையும்தான் அதற்குத் தூண். இயற்கைச் சந்தன எண்ணெயோடு பாலிசாண்டால் என்கிற செயற்கைச் சந்தனத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

கடை சாத்திவிட்டுக் குளித்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முழங்கை மடிப்பில் ஒரே ஒரு அழுத்து. முதலில் ஆல்கஹாலின் சுருக். அதை முகரக் கூடாது, ஒரு நிமிஷம் கையை நீட்டி வைத்திருக்க வேண்டும். அடுத்து கொஞ்சம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பழுத்த பழம், கூடவே ஒரு மஞ்சள் பூ வாசனை. அது இலாங் இலாங் என்கிற பூ, நம்ம மனோரஞ்சிதத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தக் கட்டத்தில் எனக்கு இந்த சென்ட்டைப் பிடிக்காது, சத்தம் ஜாஸ்தி. கடையில் அட்டையில் அடித்து முகர்ந்து காசு கொடுக்கிறவர்கள் இந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

அரைமணி கழித்து மல்லிகை ஏறும். தலையில் வைத்த புதுப் பூவின் மணம் இல்லை, ராத்திரி முழுக்கத் தலையில் இருந்து காலையில் எடுத்த பூ. கொஞ்சம் கனமாக, கொஞ்சம் அழுக்காக. மல்லிகைக்குள்ளேயே இண்டோல் என்று ஒன்று உண்டு, தனியாக முகர்ந்தால் நாற்றம், பூவோடு சேர்ந்தால் உயிர். அதன் கீழே பவுடர் மாதிரி ஐரிஸ் கிழங்கின் உலர்ந்த மணம். இது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். பூ ஒதுங்கிக்கொள்ள, கீழே இருந்து சந்தனம் வரும். வந்தது எப்போது என்று சொல்ல முடியாது. வெனிலாவும் டோங்காவும் அதைச் சுற்றி நிற்கும், ஆனால் முந்தாது. பால் வாசனை கொஞ்சம், அரிந்த மரத்தூள் கொஞ்சம், இனிப்பு ஒரு மாற்று குறைவாக. தூங்கப் போகிறபோதும் இருக்கும், காலையில் எழுந்ததும் முழங்கையில் மூக்கை வைத்தால் இன்னும் தோலோடு தோலாக ஒரு நூல் அளவு இருக்கும்.

இதே சம்சாராவை மதியம் கடையில், கரண்ட் போன நேரத்தில் அடித்தால் அந்த மல்லிகைக் கட்டமே இருக்காது. சத்தத்திலிருந்து நேரே இனிப்புக்குத் தாவிவிடும், சந்தனம் அந்த இனிப்புக்குள் அமுங்கிப் போகும். தங்கச்சி, உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

மே 8

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கணக்கு மாறும். தோலில் எண்ணெய்ப் பிடிப்பு இருந்தால் வாசனை எளிதில் விட்டுப் போகாது, எல்லாக் கட்டமும் கொஞ்சம் நீளும். வறண்ட தோலில் சீக்கிரம் காலி. என் தோல் மழைக்காலத்தில்கூட வெடிக்கிற ரகம், அதனால் அடிக்கிற இடத்தில் மட்டும் வாசனையில்லாத வாசலினைத் தொட்டுத் தடவுவேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தன் வாசனையையும் கொண்டுவந்து நடுவில் உட்காரும், வெனிலாவோடு சேர்ந்தால் பேக்கரிதான்.

மே 11

அண்ணாச்சி மறுபடி: "எல்லாம் கெமிக்கல். அசல் வேணும்னா அத்தர்தான். அந்தக் காலத்து சென்ட்டெல்லாம் அசல்."

அத்தர் பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் "அந்தக் காலத்து அசல்" என்பது நடக்காத கதை. இந்த இனிப்பு வகை சென்ட் பிறந்ததே கெமிக்கலில். கூமரினை பெர்கின் என்கிற வேதியியல்காரர் 1868ல் செய்தார், வெனிலினை டீமனும் ஹார்மனும் 1874ல் செய்தார்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் 1889ல் கெர்லானின் ஜிக்கி என்கிற சென்ட். எத்தில் வெனிலின் என்கிற செயற்கைச் சரக்கு வெனிலினைவிட மூன்று மடங்குக்குப் பக்கம் உறைப்பு, அதை வைத்துத்தான் 1925ல் அதே கம்பெனியின் ஷாலிமார். லாகூர் ஷாலிமார் தோட்டத்தின் பெயரை வைத்தார்கள், இனிப்பை ஆய்வகத்திலிருந்து எடுத்தார்கள். வெனிலாக் காயை மட்டும் ஊறவைத்துச் செய்திருந்தால் இவ்வளவு கூர்மை வந்திருக்காது, விலையையும் நாம் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

அண்ணாச்சிக்கு இன்னொன்று. அட்டையில் அம்பர் என்று போட்டிருந்தால் அது திமிங்கில அம்பர் இல்லை. லாப்டனம் என்கிற செடிப் பிசின், வெனிலா, சாம்பிராணி எல்லாம் சேர்த்த ஒரு கலவைக்கு அந்தப் பெயர். திமிங்கில அம்பர் கையில் இருந்தால் நம்ம நாட்டில் வனவிலங்குச் சட்டத்தில் கேஸ் ஆகும், தூத்துக்குடிப் பக்கம் பிடித்தார்கள் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறதே.

மே 11, இரவு

சாம்பிராணி என்றதும் "அதைப் போட்டால் புகை நாறாதா" என்று பணகுடித் தம்பி ஒருவர். தம்பி, நீங்கள் முகர்ந்திருப்பது கம்ப்யூட்டர் சாம்பிராணியாக இருக்கும். சென்ட்டில் பிசினை எரிப்பதில்லை, கரைக்கிறார்கள். எரியாத சாம்பிராணிக் கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். அதில் இயற்கையாகவே கொஞ்சம் வெனிலின் உண்டு. இனிப்புக்கும் மரத்துக்கும் நடுவில் அது நிற்பதால்தான் இந்த வகை சென்ட் பலவற்றில் அதைப் போடுகிறார்கள்.

மே 15

அத்தர் பேச்சு வந்ததால் மேலப்பாளையம் போயிருந்தபோது தெரிந்த பாய் கடையில் உட்கார்ந்துவிட்டேன். நூல் வாங்கப் போனவள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினேன். ஊது என்கிற அகில், பக்கூர் என்கிற அரபுத் தூப வாசனை, கஸ்தூரி, மல்லி என்று குப்பி குப்பியாகத் திறந்து காட்டினார். பாயிடம் "சந்தன எண்ணெயில் இறக்கினதா" என்று கேட்டேன். "அசல் சந்தனத்துல இறக்கினா இந்த விலைக்கு நான் கொடுக்க முடியுமாம்மா, நீயே சொல்லு" என்றார். நேர்மையான மனுஷர். இன்று கடைகளில் இருக்கிற அத்தரில் முக்கால்வாசி வாசனையில்லாத எண்ணெயில் கலந்ததுதான், அதில் போடுகிற வாசனையும் ஆய்வகத்துச் சரக்குதான்.

ஆனால் வெயிலுக்கு ஒரு வசதி உண்டு. அத்தரில் ஆல்கஹால் இல்லை. மொத்தமாகத் தூக்கி எறியாது, தோலோடு ஒட்டிக் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு போதும். பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும், பஸ்ஸுக்கே தெரியாது. பாய் கலந்து கொடுத்த சந்தனம் வெனிலா ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். சம்சாராவின் அந்த மல்லிகைக் கட்டம் இதில் கிடையாது, முதலிலிருந்து கடைசிவரை ஒரே முகம். அது குறையா என்று கேட்டால், மே மாதத்தில் இல்லை.

மே 16

சந்தனத்தைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் கல்லில் இழைக்கிற சந்தனத்தையும் சென்ட் சந்தனத்தையும் ஒப்பிட்டு "சென்ட்டில் இருப்பது பொய்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு. இழைத்த சந்தனத்தில் தண்ணீரும் மரத்தூளும் சேர்ந்து வரும் ஈரக் குளிர்ச்சி இருக்கிறது. எண்ணெயில் அது வராது. எண்ணெயின் பெரும்பகுதி சாண்டலால் என்கிற பொருள், எளிதில் ஆவியாகாது. அதனால்தான் சந்தனம் கத்துவதில்லை, இருந்த இடத்திலேயே நெடுநேரம் கிடக்கும்.

பொதிகைச் சந்தனம் என்று பாட்டு பாடி வளர்ந்த ஊர் நம்முடையது. ஆனால் இன்று உலக சென்ட் கம்பெனிகளுக்குப் போகிற சந்தனத்தில் கணிசமானது ஆஸ்திரேலியாவின் குனுனுரா பக்கம் தோட்டமாக வளர்த்தது. அதே ஜாதி மரம்தான், இங்கிருந்து போன வம்சம். மரம் பக்கத்து மரத்தின் வேரில் வாயை வைத்து உறிஞ்சுகிற ரகம், வைரம் பாய வருஷக்கணக்காகும், வாசனை அந்த வைரத்தில்தான். மைசூரில் 1916ல் அரசாங்கமே எண்ணெய் ஆலை வைத்தது. மரம் குறையக் குறைய விலை ஏறியது, ஏற ஏறத் திருட்டு வெட்டும் கூடியது. இந்த நிலையில் "இயற்கைச் சந்தனம்" என்று போட்டு முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செயற்கைச் சந்தனம் எல்லாம் மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். சம்சாராவில் அது அசலைத் தூக்கிப் பிடிக்கிறது. எனக்குப் பகை வேறு ஒன்று: இப்போது வளைகுடாவிலிருந்து வரும் பாட்டில்களில் அம்பர்வுட் என்று போட்டிருக்கிற காய்ந்த, காரமான மரவாசனை. சில பேருக்கு அது தெரிவதே இல்லை, எனக்கு நெற்றிப்பொட்டில் நேரே இறங்கும். தங்கச்சியின் தலைவலிக்கு இனிப்பைவிட அது காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அட்டையை ஒருமுறை பாருங்கள்.

மே 17

பார்த்தாராம். இருக்கிறதாம். அத்தானிடம் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

மே 22, கடையிலிருந்து

துணி பற்றிக் கேட்டவர்களுக்கு. இதில் எனக்கு அதிகாரம் உண்டு.

அளவு ஜாக்கெட்டை இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே வைக்கிறபோது அதன் பழைய வாழ்க்கை முழுக்க வெளியே வரும். துவைத்து மடித்து பீரோவில் மாதக்கணக்கில் கிடந்த ஜாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஆவி பட்டதும் வெனிலாவும் கஸ்தூரியும் கிளம்பும். எலுமிச்சையோ பூவோ இப்படித் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அடியில் உள்ளதுதான் துணியில் தங்குகிறது. பருத்தியில் நன்றாகத் தங்கும், பாலியெஸ்டரில் அதைவிடப் பிடிவாதமாக, ஆனால் வியர்வை வாடையும் சேர்ந்தே தங்கும், இனிப்போடு அது கலந்தால் சகிக்காது. அக்குள் பக்கம் அடிக்கவே அடிக்காதீர்கள். எனக்கு நீங்கள் செய்கிற உபகாரம் அது.

வெள்ளை, சந்தனக் கலர், இளமஞ்சள் துணியில் வெனிலா சென்ட்டை நேராக அடிக்காதீர்கள். வெனிலின் நாள்பட்டால் பழுப்பாகும், பாட்டிலுக்குள்ளேயே சென்ட் நிறம் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் அது மஞ்சள் வட்டமாக நிற்கும், எந்த சோப்புக்கும் போகாது. பள்ளி ஆண்டுவிழாவுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு போன ஒரு பையன் முதல் நாளே நெஞ்சில் அடித்து, அடுத்த மாதம் அந்தக் கறைக்குப் பை வைத்துத் தைத்துத் தரச் சொல்லி வந்தான். தைத்தும் கொடுத்தேன், மேல் பை இரண்டாகிவிட்டது, போலீஸ்காரர் சட்டை ஆகிவிட்டது.

பட்டில் அடிக்கவே கூடாது. உள்ளே லைனிங் துணியில், இடுப்புப் பக்கம் ஒரு அழுத்து அடித்து, காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

மே 22, இரவு

கழுத்தைப் பற்றி எழுத விட்டுப்போச்சு. கழுத்து அளவு எடுக்கிறபோது சிலருக்குப் பக்கவாட்டில் கறுப்புத் திட்டு பார்ப்பேன், சொட்டுச் சொட்டாக வழிந்த தடம் போல. எல்லாம் சென்ட்டால் வந்தது என்று சொல்லிவிட முடியாது, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்று ஒன்று உண்டு, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படிக் கறுக்கும். பெரிய கம்பெனிகள் இப்போது அதை நீக்கிய எண்ணெயைத்தான் போடுகின்றன. பழைய பாட்டிலும் கலப்படப் பாட்டிலும் எப்படியோ, தெரியாத சரக்கைக் கழுத்தில் அடித்துக்கொண்டு நம்ம வெயிலில் நடக்காமல் இருப்பது நல்லது.

ஜூன் 2

ஆணும் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: வெனிலாவுக்கு மீசை முளைத்திருக்கிறதா இல்லையா என்று யார் பார்த்தார்கள். போடுங்கள்.

ஜூன் 6

இரண்டு மூன்று வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். வெயில் தின்கிற பகுதி நடுவில் உள்ள பூ என்று மே 4ல் எழுதினேன். அப்படியென்றால் பூவை வெளியே இருந்து கொடுத்தால் என்ன?

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போகிறபோது முழங்கையில் சம்சாரா ஒரே அழுத்து, தலையில் பிச்சிப்பூ. தோவாளையிலிருந்து வந்த பிச்சி, மொட்டாக வாங்கியது, போகிற வழியில்தான் விரிய ஆரம்பித்தது. சரியான வெயில். எப்போதும் போல சத்தம் அடங்கி இனிப்பு எழும்பியது, ஆனால் இந்தத் தடவை அதற்கு மேலே பிச்சி நின்றது. பச்சையாக, கூர்மையாக. பாட்டிலில் உள்ள மல்லிகை பறந்துபோன இடத்தை அது எடுத்துக்கொண்டது. இனிப்பு தலையில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மதினி "என்ன பூ இது, இவ்வளவு மணக்குது" என்று பூவுக்கே முழுப் பேரையும் கொடுத்தாள். சென்ட் அடித்ததே தெரியவில்லை அவளுக்கு. அதுதான் வேண்டும்.

குண்டுமல்லியில் இது சரியாக வரவில்லை, அதுவே இனிப்பு, இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டுகிறது. கதம்பத்தில் மரிக்கொழுந்து இருந்தால் வேறு மாதிரி நன்றாக இருக்கிறது, மரவாசனைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

பூ வைக்காதவர்கள், ஆண்கள் என்ன செய்வது என்றால், தெரிந்தால் எழுதுங்கள். கையில் ரோஜாப் பன்னீர் தொட்டுப் பார்க்கலாம், நான் பார்க்கவில்லை.

ஜூன் 7

"மூக்கு அலுத்தால் காப்பிக்கொட்டை முகர்ந்தால் சரியாகும்" என்று எழுதியவருக்கு. கடைகளில் அப்படி வைத்திருக்கிறார்கள், உண்மை. காப்பிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் வைத்துப் பார்த்த ஆய்வு 2011ல் வந்தது, மூன்றுக்கும் பலன் ஒன்றுதான். வெளியே போய் நில்லுங்கள். காப்பியைக் குடியுங்கள்.

ஜூன் 24

தங்கச்சி தென்காசியிலிருந்து எழுதியிருக்கிறார்: சாரல் விழுகிறது, குற்றாலத்தில் கூட்டம், அதே துபாய் பாட்டிலை ஒரு அழுத்து அடித்தாராம், "வேற சென்ட் மாதிரி இருக்கு அக்கா, பட்டை தனியா தெரியுது, பூ தெரியுது, அப்புறந்தான் இனிப்பு". ஆமாம். ஈரக்காற்று மூக்குக்கும் நல்லது, காய்ந்த மூக்கைவிட ஈரமான மூக்கு வாசனையை நன்றாகப் பிடிக்கும். உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பயணம்தான், நடுவில் சென்ட்டே மாறிவிடுகிறது. இங்கே பாளையில் காற்று மட்டும்தான், மண்ணை வாரி இறைக்கிறது, சாரல் கிடையாது.

ஆக, "நம்ம பக்கத்து வெயில்" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதியதைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியது பாளை, டவுன், நாங்குநேரி, பணகுடி வகையறாவுக்கு. மலையடிவாரத்தார் சீசனில் தாராளமாக இரண்டு அழுத்து அடிக்கலாம்.

ஜூலை 5

ஆனித் தேருக்கு டவுனில் ரதவீதியில் நின்றேன். ஒரு ஆள் தாண்டிப் போனார், அவர் போய் வெகுநேரம் அவர் சென்ட் நின்றது. வெனிலா, அம்பர்வுட். சுண்டல், வியர்வை, கற்பூரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு. அண்ணாச்சி, அது நீங்களாக இருந்தால் தயவுசெய்து மே 4ஆம் தேதிக் குறிப்பைப் படியுங்கள்.

ஜூலை 6

அண்ணாச்சி தேருக்கு வரவில்லையாம். சரி.

ஜூலை 19

பாட்டிலை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். ஜன்னல் திண்டில் வேண்டாம், குளியலறையில் வேண்டாம், வண்டி டேஷ்போர்டில் வைக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வெளிச்சமும் சூடும்தான் எதிரி. பீரோவுக்குள், அட்டைப்பெட்டியோடு, துணிக்கு நடுவில். நிறம் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெனிலா உள்ளது அப்படித்தான் கறுக்கும். முதல் நிமிஷத்தில் எலுமிச்சை இருந்த இடத்தில் வார்னிஷ் மாதிரி ஒரு நெடி வந்தால் மேல்கட்டம் போய்விட்டது, அப்போதும் அடியில் உள்ளது நன்றாகவே இருக்கும், கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும்.

ஜூலை 27

அத்தான் திரும்பப் போகிறாராம், அடுத்த தடவைக்கு என்ன சொல்லிவிட என்று தங்கச்சி கேட்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், என் மூக்கு உங்கள் மூக்கில்லை. சில கஸ்தூரிகள் சிலர் மூக்கில் ஏறவே ஏறாது, நான் அருமை என்பது உங்களுக்கு வெறும் தண்ணீராக இருக்கலாம். சின்னப் பாட்டில், 30 மில்லி. அம்பர்வுட் முன்வரிசையில் இல்லாதது. கடையில் அட்டையில் முகர்ந்து வாங்க வேண்டாம், அத்தான் தன் முழங்கையில் அடித்துக்கொண்டு, ஏசி கடையை விட்டு வெளியே அந்த ஊர் வெயிலில் ஒரு சுற்று நடந்து, சாயங்காலம் முகர்ந்து பார்த்துப் பிடித்தால் மறுநாள் போய் வாங்கட்டும். துபாய் வெயிலைத் தாண்டி வந்தது என்றால் பாளை வெயில் ஒன்றும் செய்யாது. முடியாது என்று முனகுவார். முனகட்டும்.

ஆவணி முகூர்த்த ஜாக்கெட் மேஜையில் குவிந்து கிடக்கிறது, ஆடி முடிகிறவரை இந்தப் பக்கம் வர மாட்டேன். அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்கள் துவைத்துக் கொண்டுவாருங்கள்.